அட்டவணையில் அழித்த இரண்டு பெயர்கள்

நேற்று இரவு நம் சைக்கிள் குழுவில் நடந்ததை இங்கே இருப்பவர்களில் பாதிப் பேராவது பார்த்திருப்பீர்கள். அப்போதே பதில் எழுத உட்கார்ந்தேன். கோபத்தில் எழுத வேண்டாம் என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுத்தேன், தூக்கம் வரவில்லை. இப்போது நிதானமாகத்தான் எழுதுகிறேன்.

நானும் அம்மாவும் மிதிப்பது வீட்டுக்குள் இருக்கும் நிற்கும் சைக்கிளில். அதனால் மாதச் சவால் அட்டவணையில் இருந்த என் வரியையும் அம்மாவின் வரியையும் நீக்கியிருக்கிறார்கள். "நின்ற இடத்தில் மிதிப்பதெல்லாம் சைக்கிள் பயிற்சியில் சேராது, எங்கே போய்ச் சேர்ந்தீர்கள்?" என்று ஒரு விளக்கமும் போட்டிருக்கிறார்கள். அதற்குக் கீழே 31 சிரிப்புக் குறிகள். ஒவ்வொரு பெயராகப் பார்த்தேன்.

எங்கே போய்ச் சேர்ந்தேன் என்பதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. எட்டு மாதத்துக்கு முன்பு காலையில் எழுந்ததும் என் நாடித்துடிப்பு 84. இப்போது 70. அங்கேதான் போய்ச் சேர்ந்தேன்.

சக்கரம் நகர்ந்ததா இல்லையா என்று இதயத்துக்குத் தெரியாது. தொடைத் தசை வேலை செய்கிறது, ஆக்சிஜன் கேட்கிறது, கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், இது மட்டும்தான் அதற்குத் தெரியும். வாரக்கணக்கில் இப்படிக் கேட்கக் கேட்க, ஒரு துடிப்பில் தள்ளும் ரத்தத்தின் அளவு கூடுகிறது. அதனால்தான் சும்மா இருக்கும்போது துடிப்பு குறைகிறது. தசைக்குள் நுண்ரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. வேலை செய்யும் தசை இன்சுலின் உதவி இல்லாமலேயே ரத்தத்திலிருந்து சர்க்கரையை உறிஞ்சிக்கொள்கிறது. இதில் எந்த வேலைக்குத் தார்ச்சாலை தேவைப்படுகிறது? சொல்லுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உடலின் தாங்குதிறனை அளக்கிற ஆய்வுக்கூடத்துக்குப் போய்ப் பாருங்கள், அங்கே இருப்பது நகராத சைக்கிள்தான். சுவீடனைச் சேர்ந்த உடலியல் ஆய்வாளர்கள் ஓஸ்ட்ராண்டும் ரீமிங்கும் 1954-இல் வெளியிட்ட அளவீட்டு முறை இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. நிலையான சைக்கிளில் ஆறு நிமிடம் போல ஒரே சுமையில் மிதிக்க வேண்டும், கடைசியில் நாடியைப் பார்த்து உடலின் ஆக்சிஜன் திறனைக் கணிப்பார்கள். எல்லோரும் யூடியூபில் பார்த்துச் செய்கிறோமே, 20 வினாடி வேகம், 10 வினாடி ஓய்வு என்று, அந்த டபாட்டா பயிற்சி? அதற்கு அடிப்படையான, ஜப்பானிய ஆய்வாளர்கள் 1996-இல் வெளியிட்ட ஆய்வும் நிலையான சைக்கிளில் செய்ததுதான். அந்தப் பயிற்சியை நம் குழுவே போன மாதம் பாராட்டிப் பகிர்ந்தது. ஆய்வு மட்டும் செல்லும், அதே மாதிரி சைக்கிளில் நான் மிதித்தால் செல்லாதா?

கிலோமீட்டர் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. திரையில் காட்டும் கிலோமீட்டர் ஃப்ளைவீல் என்கிற கனமான சக்கரத்தின் சுழற்சியை வைத்துப் போடும் உத்தேசக் கணக்கு, ஒரு மெஷினுக்கும் இன்னொன்றுக்கும் ஒத்துப்போகாது. கலோரி எண்ணையும் நான் நம்புவதில்லை. அதனால்தான் கிலோமீட்டர் கட்டத்தை நான் முதல் நாளிலிருந்தே காலியாக விட்டிருந்தேன். நிமிடம் மட்டுமே எழுதினேன். 22 நாள், நாளுக்கு 40 நிமிடம். 880 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான உழைப்பு. சாலையில் ஓட்டினால்தான் கணக்கு என்று அதில் ஒரு வரிகூட இல்லை.

"வீட்டுக்குள் மிதிப்பது சுலபம்" என்று ஒருவர் எழுதியிருந்தார். ஒருநாள் வந்து மிதித்துப் பாருங்கள் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். சாலையில் இறக்கம் வரும், சிக்னல் வரும், பின்னால் வருகிறவருக்காகக் காத்திருப்போம், அங்கெல்லாம் கால் ஓய்வெடுக்கும். இங்கே இறக்கமே கிடையாது. முகத்தில் அடிக்கிற காற்றும் கிடையாது. வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும், மூடிய அறையில் அது சொட்டிக்கொண்டே இருக்கும். எதிரே ஃபேன் வைக்காமல் அரை மணி நேரம் மிதித்தால் அதே வேகத்துக்கு நாடி மளமளவென்று ஏறுவதை நீங்களே பார்க்கலாம். ரெசிஸ்டன்ஸை, அதாவது பெடலின் இறுக்கத்தைக் கூட்டி நிமிடத்துக்கு 80 சுற்று விடாமல் பிடித்துவிட்டு அப்புறம் வந்து சுலபம் என்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

உண்மையான சைக்கிள்காரர்கள் இதைத் தொட மாட்டார்கள் என்கிறவர்களுக்கு ஒரு பெயர் சொல்கிறேன், மேத்யூ ஹேமன். ஆஸ்திரேலியத் தொழில்முறை சைக்கிள் வீரர். 2016 பிப்ரவரி இறுதியில் பந்தயத்தில் விழுந்து கையை உடைத்துக்கொண்டார். வெளியே ஓட்ட முடியாமல் ஐந்து வாரம் போல வீட்டுக்குள் டிரெயினர் என்கிற தாங்கியில் நகராதபடி மாட்டிய சைக்கிளிலேயே பயிற்சி செய்தார். ஏப்ரலில் பாரிஸ்–ரூபே பந்தயம். 250 கிலோமீட்டருக்கு மேல், பாதையில் இடையிடையே உடம்பை உலுக்கியெடுக்கிற கல் பாவிய சாலைகள். நான்கு முறை அந்தப் பந்தயத்தை வென்ற டாம் போனனைக் கடைசியில் முந்தி, 37 வயதில் முதலிடம் பிடித்தார். அவர் மிதித்ததையும் அட்டவணையிலிருந்து நீக்கிவிடலாமா?

சரி, வெளியே வந்து ஓட்ட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். கேட்டீர்கள். இந்தக் குழுவில் இருந்துகொண்டு என்னிடம் அதைக் கேட்டதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நானும் வெளியே ஓட்டியவள். உங்களோடுதான் ஓட்டினேன். இரண்டு வருடத்துக்கு முன்பு அந்த விடியற்காலையில் பின்னாலிருந்து வந்த வண்டி என் ஹேண்டிலை உரசிவிட்டு நிற்காமல் போனது. மணிக்கட்டு உடைந்தது, இடுப்பில் பலமான அடி. எலும்பு மூன்று மாதத்தில் கூடிவிட்டது, பயம் கூடவே தங்கிவிட்டது. அதற்கப்புறம் இரண்டு முறை வெளியே எடுத்துப் பார்த்தேன். பின்னால் இன்ஜின் சத்தம் கேட்டாலே கை பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. தெருமுனையைத் தாண்டாமல் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

ஆறு மாதம் எதுவும் செய்யாமல் இருந்தேன். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. அப்புறம்தான் இந்த நிற்கும் சைக்கிள் வந்தது. முதல் நாள் ஏழு நிமிடம். என்னை யாரும் இடிக்க முடியாத ஓர் இடத்தில் உட்கார்ந்து மறுபடியும் பெடலை மிதித்தேன். அழுதேன். அது சைக்கிள் இல்லை என்று எனக்கு இன்னொருவர் சொல்லித்தர வேண்டுமா?

இதில் குறையே இல்லையா என்றால், இருக்கிறது, ஒளிக்க மாட்டேன். சைக்கிளில் உடம்பின் எடையைச் சீட் தாங்கிக்கொள்வதால் எலும்புக்கு வேண்டிய அழுத்தம் கிடைக்காது, எலும்பின் அடர்த்தி இதனால் கூடாது. அது நிற்கும் சைக்கிளுக்கு மட்டும் உள்ள குறை என்று நினைக்காதீர்கள், சாலையில் ஓட்டும் உங்கள் சைக்கிளுக்கும் அதே கதைதான். சர்வதேச விண்வெளி நிலையத்தில் சைக்கிள் இருக்கிறது. எடையே இல்லாத இடம் என்பதால் அதற்குச் சீட்கூடக் கிடையாது. ஆனால் கூடவே டிரெட்மில்லும், எடைப்பயிற்சிக் கருவியும் வைத்திருக்கிறார்கள், எலும்புக்கும் தசைக்கும் சைக்கிள் மட்டும் போதாது என்பதால். அதனால் வாரத்தில் இரண்டு நாள் நானும் எடை தூக்குகிறேன்.

உட்கார்ந்த முதல் நாளே வெறியோடு மிதிப்பதும் ஆபத்து. இதை உறைக்கிற மாதிரி சொல்ல வேண்டும். பழக்கமில்லாதவர்கள் நிற்கும் சைக்கிளைக் கூட்டாக மிதிக்கிற ஸ்பின் வகுப்பில் முதல் நாளே முழு வேகம் போய், தசை சிதைந்து, சிறுநீர் டீ நிறத்தில் போய், சிறுநீரகம் பாதிக்கப்பட்டு மருத்துவமனையில் சேர்ந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அப்படி நிறம் மாறினால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். மிதிக்கும்போது பக்கத்தில் இருப்பவரோடு ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பாருங்கள், முதல் சில வாரங்களுக்கு அந்த அளவே போதும்.

மூட்டு தேயும் என்பவர்களிடம் நான் முதலில் கேட்பது சீட் உயரத்தைத்தான். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்கி இருக்க வேண்டும், 25 முதல் 35 டிகிரி வரை. சீட் தாழ்வாக இருந்தால் முழங்காலின் முன்பக்கம் வலிக்கும். ரொம்ப உயரமாக இருந்தால் இடுப்பு இரண்டு பக்கமும் ஆடும், முழங்காலின் பின்பக்கம் இழுக்கும். ஜிம்மில் பாதிப் பேர் முந்தைய ஆள் விட்டுப்போன உயரத்திலேயே உட்கார்ந்து மிதித்துவிட்டு, சைக்கிளால் முட்டி போச்சு என்கிறார்கள். எனக்குத் தாங்காத விஷயம் இது. ஒரு நெம்புகோலைத் தளர்த்தி ஏற்றி இறக்க அரை நிமிடம் ஆகுமா?

போர் அடிக்கும் என்கிறவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. எனக்கு அடிக்கவில்லை.

இப்போது அம்மாவைப் பற்றி. நான் எழுத வந்ததே இதற்குத்தான்.

அம்மாவுக்கு 71 வயது. இரண்டு முழங்காலிலும் மூட்டுத் தேய்மானம். நடந்தால் வலி, அதனால் நடப்பதில்லை. நடக்காததால் தொடைத் தசை மெலிந்து வலி இன்னும் கூடியது. பாதி நாள் படுக்கையிலேயே இருந்தார். மருத்துவர்தான் சொன்னார், வலிக்குப் பயந்து அசைக்காமல் விட்டால் மூட்டு இன்னும் இறுகும் என்று. மூட்டுக் குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. அசையும்போது அழுந்தி விடுபட்டு, மூட்டுத் திரவத்திலிருந்துதான் அது ஊட்டம் எடுத்துக்கொள்கிறது. நிற்கும் சைக்கிளில் உடம்பின் பாரம் முட்டியில் இறங்காமல் அந்த அசைவு கிடைக்கும். கீழே விழும் பயமும் இல்லை. முதல் வாரம் ரெசிஸ்டன்ஸே வைக்காமல் மூன்று நிமிடம். இப்போது நாளுக்கு 12 நிமிடம். பத்து நிமிடமாவது தொடர்ந்து செய்தால்தான் கணக்கு என்று முன்பு ஒரு விதி இருந்தது. 2020 வழிகாட்டுதலில் அதையும் எடுத்துவிட்டார்கள். எந்த நிமிடமும் வீண் இல்லை.

அட்டவணையில் அவர் பெயரைச் சேர்க்கலாமா என்று அட்மினிடம் கேட்டுத்தான் சேர்த்தேன். "தாராளமா" என்று சொன்னவர் அவர்தான். அவரை நான் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். என் கை உடைந்தபோது மருத்துவமனைக்கு முதலில் ஓடி வந்தவர். அந்த 31 பேரில் இன்னும் மூன்று பேர் அன்று வந்தவர்கள்.

தினமும் இரவு அம்மா என் போனை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தன் பெயருக்கு நேரே இருக்கும் எண்ணைப் பார்ப்பார். பச்சை நிறம் வந்துவிட்டதா என்று கேட்பார். நேற்றும் வாங்கினார். மேலும் கீழும் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, "என் பேரைக் காணோமேடி, நான் தப்பா ஏதாவது பண்ணிட்டேனா?" என்று கேட்டார்.

அண்ணா, என் பெயரை நீங்கள் சேர்க்க வேண்டாம். நான் ஒரு காலத்தில் சாலையில் ஓட்டியவள், விதி அது என்றால் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் 71 வயதில் வலியோடு 12 நிமிடம் மிதித்தவரைப் பார்த்து எங்கே போய்ச் சேர்ந்தீர்கள் என்று கேட்டீர்களே, அதற்கு அவரே பதில் வைத்திருக்கிறார். ஒரு வருடமாக அம்மா மொட்டை மாடிக்கு ஏறியதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை ஏறினார். நடுவில் ஒரு முறை மட்டும் நின்றார். என் கையைப் பிடிக்கவில்லை, சுவரைத்தான் பிடித்துக்கொண்டார்.

இன்று காலை அவர் சைக்கிளில் ஏறவில்லை. "அதான் கணக்குல இல்லைன்னுட்டாங்களே" என்கிறார். இன்று இரவுக்குள் அந்த வரியைத் திரும்பப் போடுங்கள் அண்ணா. நேற்று வரைக்குமான எண்கள் என்னிடம் இருக்கின்றன, அனுப்புகிறேன்.