மினாங்கபாவ் வயலை விற்க முடியாது
இந்தோனேசியாவில் மேற்கு சுமத்ராவின் மினாங்கபாவ் மக்களிடம் வயல் தாயிடமிருந்து மகளுக்குப் போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், சரிதான். ஆனால் அந்த மகள் அதைத் தன் இஷ்டத்துக்கு விற்க முடியாது என்பதையும் சொல்லியிருக்க வேண்டும். பரம்பரை வயல் தாய்வழிக் குடும்பம் மொத்தத்துக்கும் சொந்தம், தாய்மாமன் மேற்பார்வை பார்ப்பார். ஒத்திக்கு விடக்கூட மரபில் நாலே காரணம்தான்: வீட்டில் சாவு விழுந்து அடக்கம் செய்யப் பணமில்லை, வயசுக்கு வந்த பெண்ணுக்குக் கல்யாணம் ஆகவில்லை, குடும்பத்தின் பெரிய வீடு ஒழுகுகிறது, குலத் தலைவருக்குப் பட்டம் கட்ட வேண்டும். மீட்கும்வரை பணம் கொடுத்தவர் நெல்லை எடுத்துக்கொள்வார், அவ்வளவுதான். சம்பாதித்து வாங்கிய நிலம் வேறு கணக்கு, அது இஸ்லாமிய முறைப்படி வாரிசுகளுக்குப் பிரியும். எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது, கணவன் செத்தாலும் விட்டுவிட்டுப் போனாலும் அந்தப் பெண் சோற்றுக்கு யார் கையையும் எதிர்பார்த்து நிற்க வேண்டியதில்லை என்பதுதான்.