ஊர் ஒதுக்கி வச்சிடும்னு பயப்படறது குழந்தையோட நலனா?

2017 ஜனவரில இங்கிலாந்து குடும்ப நீதிமன்றத்துல வந்த ஒரு தீர்ப்பு இன்னிக்கும் என் மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு. மான்செஸ்டர்ல ரொம்ப ஆச்சாரமான ஒரு யூதக் குடும்பம், ஹரேடின்னு சொல்வாங்க, அஞ்சு புள்ளைங்க, மூத்தவனுக்கு 12 வயசு, கடைசிக்கு 2. அப்பா திருநங்கையா வாழறதுக்காக 2015ல வீட்டையும் சமூகத்தையும் விட்டு வெளிய வந்துட்டாங்க, அப்புறம் புள்ளைங்கள பாக்கணும்னு கோர்ட்டுக்குப் போனாங்க. நேர்ல பாக்கறதுல புள்ளைங்களுக்கு எவ்வளவோ நல்லது இருக்குன்னு நீதிபதி பீட்டர் ஜாக்சனே ஒத்துக்கறாரு. ஆனா அப்படி நேர்ல பாத்தா அந்தப் புள்ளைங்களயும் அம்மாவயும் சமூகம் ஒதுக்கிடும், அந்த ஒரு காரணம் மத்த எல்லாத்தையும் விடப் பெருசுன்னு சொல்லி வருஷத்துக்கு நாலு தடவ லெட்டர் மட்டும் போட்டுக்கலாம்னு முடிச்சிட்டாரு.

ரெண்டு வயசுக் குழந்தைக்கு லெட்டர்!

அந்த நீதிபதி மேல எனக்குக் கோவம் இல்ல, அவரே மனசு ஒப்பாமத்தான் எழுதியிருக்காரு. அந்தப் புள்ளைங்களோட ஸ்கூல், சாப்பாடு, பண்டிகை, கூட விளையாடற பசங்க எல்லாமே அந்த மதத்துக்குள்ளதான் இருக்கு, அத திடீர்னு பிடுங்கிட்டா அவங்களுக்குத்தான் வலிக்கும், அதுவும் உண்மைதான். ஆனா ஒதுக்கி வைப்போம்னு பெரியவங்க மிரட்டறாங்க, அந்த மிரட்டலையே குழந்தையோட நலன்னு கோர்ட் எழுதிக் குடுத்தா நாளைக்கு எந்த ஊரும் இதையே பண்ணலாமே. அதே வருஷம் டிசம்பர்ல அப்பீல் கோர்ட் இந்தத் தீர்ப்ப ரத்து பண்ணிருச்சு. திருநங்கைங்கறதுக்காகப் பாரபட்சம் காட்டறாங்களாங்கற கேள்விய சரியா பாக்கல, நேர்ல பாக்க வைக்கற முயற்சிய சீக்கிரமே கைவிட்டுட்டீங்கன்னு சொல்லி மறுபடி விசாரிக்க அனுப்பிச்சாங்க. படிச்சப்ப அப்பாடான்னு இருந்துச்சு.

ஊர்விலக்கு நமக்குத் தெரியாததா என்ன. சொந்தக்காரப் பொண்ணு ஒருத்தியோட கஸ்டடி கேஸுக்குத் துணையா போயிருந்தப்ப ஒரு பையனப் பாத்தேன், ஆறு வயசு இருக்கும். அப்பாவப் பெத்த பாட்டி நெத்தி நெறைய விபூதி பூசி விட்டாங்க, அப்பா வீட்டுக்காரங்க பாக்கற நேரம் முடிஞ்சு அம்மா வாசல்ல வந்து நின்னதும் அவனாவே சட்டைக் கையால அழுத்தித் துடைச்சுட்டு ஓடினான். அம்மா கழுத்துல சிலுவை டாலர். அவங்க ஒண்ணும் சொல்லல, அவன் சட்டைக் கையில ஒட்டியிருந்தத மட்டும் தட்டி விட்டாங்க. அந்த வயசுலயே எங்க எத மறைக்கணும்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு, எனக்கு அன்னிக்கு சோறு எறங்கல.

1956ல வந்த இந்து மைனர் கார்டியன்ஷிப் சட்டம் 6வது பிரிவுல, இந்துவா இல்லாமப் போனவங்க இயற்கைக் காப்பாளரா, அதாவது பெத்தவங்கங்கறதாலயே சட்டப்படி குழந்தைக்குப் பொறுப்பாளரா, இருக்க முடியாதுன்னு இன்னும் இருக்கு. அதே சட்டத்துல 13வது பிரிவு குழந்தையோட நலன்தான் எல்லாத்துக்கும் மேலன்னு சொல்லுது. 13 இருக்கறப்ப 6ல அந்த வரி எதுக்கு? மதம் மாறினா பெத்தவங்க பெத்தவங்க இல்லன்னு ஆயிடுமா? அந்த வரிய எடுத்தே ஆகணும்.