ஃபங்ஷன் என்று சொல்வது பிழையல்ல

‘ஃபங்ஷன்’ என்றால் செயல்பாடு மட்டும்தான், விசேஷத்துக்கு அதைச் சொல்வது நம்மவர்கள் செய்யும் பிழை என்று ஒரு கட்டுரையாளர் தம் கட்டுரையில் எழுதியிருக்கிறார். எனக்கு இதில் உடன்பாடில்லை. விருந்து, வரவேற்பு போன்ற முறையான நிகழ்ச்சிகளுக்கு ஆங்கிலத்திலேயே அந்தச் சொல் உண்டு. லத்தீன் மூலத்துக்குப் பொருளே கடமையை நிறைவேற்றுவதுதான்.

நாம் அதைக் கொஞ்சம் விரித்துவிட்டோம், அவ்வளவே. காதுகுத்து, சீமந்தம், புதுமனை புகுவிழா எல்லாமே நமக்கு ஃபங்ஷன். இங்கே சிங்கப்பூரில் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே பந்தல் போட்டு மேசை நாற்காலி அடுக்கினால், “யார் வீட்டு ஃபங்ஷன்?” என்றுதான் கேட்போம். ஆனால் வேலையிடத்தில் சீன, மலாய் நண்பர்களிடம் லீவு கேட்கும்போது வெறுமனே ஃபங்ஷன் என்றால் அவர்களுக்கு விளங்காது. தங்கை கல்யாணம், அக்கா வீட்டுச் சீமந்தம் என்று விவரமாகச் சொல்வதே நல்லது.

அப்புறம், கணிதத்தில் வரும் ஃபங்ஷனைக் கட்டுரை தொடவே இல்லை. ஜெர்மானியக் கணித அறிஞர் லைப்னிட்ஸ் 17ஆம் நூற்றாண்டில் கணிதத்துக்குக் கொண்டுவந்த சொல் அது. தமிழில் சார்பு என்கிறோம். கொடுக்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு விடை தரும் விதிதான் சார்பு. ‘இரண்டால் பெருக்கி ஒன்றைக் கூட்டு’ என்ற விதிக்கு 3 கொடுத்தால் 7 மட்டுமே வரும், வேறு விடை வராது. இங்கே பிள்ளைகள் கணக்கை ஆங்கிலத்தில் படிப்பதால், சார்பு என்ற அழகான சொல் அவர்கள் காதில் விழுவதே இல்லை. வீட்டில் பெற்றோராவது சொல்லிக்கொடுங்கள்.