ரத்தக் குழாயை ஃப்ரீசரில் வைக்காதீர்கள்

"எடுத்த ரத்தத்தை உடனே ஃப்ரீசரில் வைத்துவிட்டால் ரெண்டு நாள் கழித்துக் கொடுத்தாலும் ரிசல்ட் மாறாது" என்று மாட்டு ரத்தப் பரிசோதனை பற்றி ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் மாடு வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதை நம்பிச் செய்துவிடாதீர்கள். முழு ரத்தம் பனிக்கட்டியானால் சிவப்பணுக்கள் உடைந்துவிடும். அணுக்களை எண்ணவே முடியாது. அவற்றுக்குள் இருந்த ஏஎஸ்டி (தசை, கல்லீரல் பாதிப்பைக் காட்டும் நொதி), பாஸ்பரஸ் எல்லாம் சீரத்தில், அதாவது ரத்தம் கட்டியபின் பிரியும் தெளிந்த நீரில், கலந்து கூடுதலாகக் காட்டும். கன்று ஈன்றபின் எழாமல் படுத்துவிட்ட மாட்டுக்குப் பாஸ்பரஸ் குறைவா என்று பார்க்கத்தானே ரத்தமே எடுக்கிறோம்? இப்படிக் கூடுதலாகக் காட்டினால் அந்தக் குறைவு தெரியாமலே போய்விடும். குழாயை ஐஸ்கட்டிக்குள் நேராகச் செருகினாலும் இதே கதை நடக்கலாம். துணியோ காகிதமோ சுற்றி வையுங்கள்.

ஊதா மூடிக் குழாய் (ரத்தம் கட்டாமலிருக்க மருந்து போட்டது) என்றால் 4 டிகிரியில், அதாவது ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில், ஒரு நாள் தாங்கும். தைலீரியா, பபீசியா (உண்ணி மூலம் பரவும் ரத்த ஒட்டுண்ணிகள்) சந்தேகம் இருந்தால் ஸ்மியரை, அதாவது கண்ணாடித் தகட்டில் மெல்லிசாகப் பூசும் ரத்தத்தை, மாட்டுக் கொட்டகையிலேயே இழுத்துக் காயவைத்து, குளிரில் வைக்காமல் தனியாக அனுப்புங்கள். கட்டாமல் தடுக்கும் மருந்து இல்லாத சிவப்பு மூடிக் குழாய் வேறு: வெளியிலேயே ரத்தம் கட்டட்டும், சீரத்தைப் பிரியுங்கள், அப்புறம்தான் குளிர். பிரித்த சீரத்தை ஃப்ரீசரில் வைப்பது சரி. அண்ணன் புரூசெல்லா (கன்று வீசும் நோய்க் கிருமி) பரிசோதனைக்கு அப்படிச் செய்ததைப் பார்த்திருக்கலாம். சர்க்கரை அளவு பார்க்க, சர்க்கரை குறையாமல் காக்கும் மருந்து போட்ட சாம்பல் மூடிக் குழாய் வேண்டும். சாதாரணக் குழாயில் வெயிலோடு தருமபுரிக்குப் பஸ் ஏறினால் மணிக்கு மணி சர்க்கரை குறைந்துகொண்டே போகும்.