மேலே மட்டுமே போகும் கோடு

துறைமுகங்களின் எதிர்காலம் பற்றிய சனிக்கிழமைக் கருத்தரங்கில் நடந்ததைப் பலரும் காணொளியில் பார்த்துவிட்டீர்கள் என்பதால் அதை மறுபடி விவரிக்கப் போவதில்லை. திரையில் 2047 வரை ஒரு நெளிவுகூட இல்லாமல் ஏறிக்கொண்டிருந்த, துறைமுகம் கையாளப்போகும் சரக்குப் பெட்டிகளின் கணிப்புக் கோட்டைக் காட்டி, "இதில் நம் சொந்தச் சரக்கு எவ்வளவு, டிரான்ஷிப்மென்ட், அதாவது இங்கே கப்பல் மாறி வேறு துறைமுகத்துக்குப் போகும் சரக்கு, எவ்வளவு?" என்று கேட்டேன். "ஐயாவுக்கு எதுவுமே குறையாகத்தான் தெரியும்" என்று பதில் வந்தது, அரங்கம் சிரித்தது. அந்தச் சிரிப்பை நான் பொருட்படுத்தவில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அது உண்மை இல்லை.

நான் கேட்டது எளிய கணக்கு. டிரான்ஷிப்மென்ட் பெட்டி ஒன்று பெரிய தாய்க்கப்பலிலிருந்து இறங்கும்போது ஒரு முறையும், அருகிலுள்ள துறைமுகங்களுக்குக் கொண்டுபோகும் சிறிய ஃபீடர் கப்பலில் ஏறும்போது இன்னொரு முறையும் எண்ணப்படுகிறது. கிரேன் இரண்டு முறை உழைத்தது உண்மைதான், அதில் பொய் ஏதும் இல்லை. ஆனால் சொந்தச் சரக்கு நம் தொழிற்சாலைகளையும் சந்தைகளையும் நம்பி வருகிறது, டிரான்ஷிப்மென்ட் பெட்டியோ கப்பல் நிறுவனத்தின் கால அட்டவணையை நம்பி வருகிறது. இரண்டையும் ஒன்றாகக் கூட்டி, பொருளாதார வளர்ச்சி விகிதத்தால் பெருக்கி, இருபது ஆண்டுகளுக்கு நீட்டினால் கிடைப்பது கணிப்பு அல்ல, ஆசை.

2000ஆம் ஆண்டில் மேர்ஸ்க் கப்பல் நிறுவனம் சிங்கப்பூரிலிருந்து தன் டிரான்ஷிப்மென்ட்டை அருகிலிருந்த மலேசியாவின் தஞ்சுங் பெலபாஸுக்கு மாற்றியது. 2002இல் இன்னொரு பெரிய கப்பல் நிறுவனமான எவர்கிரீனும் அதே வழியில் போனது. சிங்கப்பூருக்கே இது நேர்ந்தது என்றால் மற்றவர்கள் எந்த நம்பிக்கையில் கோடு போடுகிறார்கள்? நம் பக்கமே பார்க்கலாம். கொழும்பின் பெட்டிகளை ஈர்ப்பதற்காகவே 2011இல் கொச்சியின் வல்லார்பாடம் முனையம் திறக்கப்பட்டது. இந்தியத் துறைமுகங்களுக்கிடையே வெளிநாட்டுக் கப்பல்கள் சரக்கு ஏற்றிச் செல்வதைக் கட்டுப்படுத்தும் கேபட்டாஜ் விதி தளர்த்தப்பட்ட பிறகும், எதிர்பார்த்த டிரான்ஷிப்மென்ட் அங்கே வந்து சேரவில்லை. ஆழத்தைக் காக்க ஓயாமல் தூர்வாரும் செலவு மட்டும் தொடர்கிறது.

"கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகம் ஓராண்டுக்குள் பத்து லட்சம் டிஇயுவை (இருபதடிப் பெட்டிக் கணக்கு) தாண்டியதே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்பீர்கள். மகிழ்ச்சி என்றுதான் சொல்வேன். இயற்கையான ஆழமும், பன்னாட்டுக் கப்பல் வழிக்கு அருகிலுள்ள இடமும் வேறு எந்தத் துறைமுகத்துக்கும் எளிதில் வாய்க்காது. ஆனால் அந்தப் பெட்டிகளில் மிகப் பெரும்பகுதி ஒரே கப்பல் நிறுவனத்தின் சேவைகளில் வருபவை. இதைச் சொன்னால் நான் வளர்ச்சிக்கு எதிரி.

"முதலில் கட்டு, சரக்கு தானாக வரும்" என்பவர்களுக்கு நீளமாகப் பதில் சொல்லப் போவதில்லை. முனையம் கட்டப் பல ஆண்டுகள் ஆகும் என்பதால் முன்கூட்டியே திட்டமிட வேண்டும் என்பதை நானும் மறுக்கவில்லை. கணக்கைப் பிரித்துக் காட்டுங்கள் என்பது மட்டுமே என் கோரிக்கை.

ஒரு துறைமுகத்தின் கொள்ளளவு என்பது பெர்த்தின், அதாவது கப்பல் நிற்கும் துறையின், நீளம் மட்டும் அல்ல என்பதைப் பெட்டிகளை அடுக்கிவைக்கும் யார்டில் கற்றேன். பல ஆண்டுகளுக்கு முன் நான் திட்டமிடல் பிரிவில் இருந்த ஒரு முனையத்தில், லாரிகள் வராமல், நான்கு நாளில் வெளியேற வேண்டிய பெட்டிகள் எட்டு நாள் கிடந்தன. அதாவது, அதே நிலத்தின் கொள்ளளவு பாதியாகிவிட்டது. ஒரு கல்கூடப் பெயரவில்லை. அன்றிரவு ஐந்தடுக்கில் அடியில் மாட்டிக்கொண்ட ஒரு பெட்டியை எடுக்க மேலே இருந்த நான்கையும் தூக்கி வைத்தோம். வைத்த இடத்தில் அவை வேறு மூன்று பெட்டிகளை அடைத்துக்கொண்டன. விடிவதற்குள் கப்பல் கிளம்ப வேண்டும், கிரேன் ஓட்டுநரோ இரவு முழுவதும் தேநீருக்குக்கூட இறங்கவில்லை. மறுநாள் நான் எழுதிய குறிப்பில் புதிய பெர்த் வேண்டாம், முதலில் லாரிகள் வந்துபோகும் வாயிலைச் சரிசெய்யுங்கள் என்றேன். அப்போதும் எனக்குக் கிடைத்தது குறை காண்பவன் என்ற இதே பட்டம்தான்.

கடல்வழி மாறினால் எல்லாம் மாறும் என்பதற்கு 2023இன் இறுதியில் செங்கடலில் கப்பல்கள் மீது ஹூதிகள் நடத்திய தாக்குதல்களே போதும். கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றத் தொடங்கியதும், அடுத்த சில மாதங்களில் கொழும்பில் நெரிசல் கூடியது. எந்த இருபதாண்டுக் கோட்டில் அது இருந்தது? அந்த வழி மீண்டும் முழுமையாகத் திறந்தால் அந்தப் பெட்டிகளில் எத்தனை தங்கும் என்று கேட்பதும் குறை காண்பதா?

பிரித்த கணக்கைக் கேட்டு அமைப்பாளர்களுக்கு ஞாயிறன்றே மின்னஞ்சல் அனுப்பினேன். நேற்று பதில் வந்தது: அதே படம், இன்னும் சற்றுப் பெரிய அளவில்.