முதலில் முழுக்க வாசியுங்கள்

வெள்ளிக்கிழமை நடந்தது உங்களுக்குத் தெரியும். ஒரே ஒரு பக்கத்தைப் படம் பிடித்து பெற்றோர் வட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். பாடசாலை விடுவதற்குள் அந்தச் சிறுகதைத் தொகுப்பு நூலக இறாக்கையில் இல்லை. "புத்தகத்தை முழுக்க வாசித்தவர் யார்?" என்று குழுவில் கேட்டேன். இன்றுவரை ஒருவரும் பதில் போடவில்லை.

நான் கேட்பது இவ்வளவுதான். எடுக்க முதல் வாசியுங்கள்.

பிள்ளைகளின் வயதைப் பார்க்க வேண்டாமா என்கிறீர்கள். பார்க்கத்தான் வேண்டும். ஆறாம் தரப் பிள்ளைக்குக் கொடுக்காமல் விடலாம். உயர்தரம் படிக்கிற பிள்ளைக்கும் சேர்த்து ஏன் அலுமாரியில் பூட்டுகிறீர்கள்?

"இதற்குப் போய் யாழ்ப்பாண நூலகத்தை இழுக்கிறீர்களே" என்று ஒருவர் உள்பெட்டியில் கோபப்பட்டார். நான் இழுக்கவில்லை. 1981 இல் ஏறத்தாழ 97,000 புத்தகங்கள் எரிந்ததையும் இதையும் ஒன்றென்று சொல்ல எனக்கு வாய் வராது. எனக்கு நினைவு வந்தது ஆசிரியரும் கவிஞருமான அஹ்னாப் ஜஸீம். 'நவரசம்' என்ற கவிதைத் தொகுப்புக்காக 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்தார்கள். தீவிரவாதத்தைக் கண்டித்து எழுதிய வரிகளையே தீவிரவாதம் என்று வாசித்தார்கள். 2021 டிசம்பரில்தான் பிணை, 2023 டிசம்பரில்தான் வழக்கிலிருந்து விடுதலை. மற்றவர்கள் ஒழுங்காக வாசிக்காததற்கு ஓர் இளம் ஆசிரியர் கொடுத்த விலை அது.

போர்க்காலத்தில் கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கும் இரவில் சோதனைக்கு வருவார்கள். ஒருநாள் அம்மா அப்பாவின் புத்தகங்களை நிலத்தில் பரப்பி வைத்து, யாழ்ப்பாணக் கடையின் ஊதா முத்திரை இருந்த முதல் பக்கங்களை ஒவ்வொன்றாகக் கிழித்து அடுப்பில் போட்டார். "வாறவனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது பிள்ளை, அவனுக்கு எல்லாம் ஒண்டுதான்" என்றார். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

அம்மாவின் பயத்துக்குக் காரணம் இருந்தது, வாசலில் துவக்கு நின்றது. உங்களிடம் யார் துவக்கை நீட்டினார்கள்? உங்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியுமே! எனக்கு வலிப்பது அதுதான்.

அந்தப் புத்தகங்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. அட்டையைத் திறந்தால் தையலோடு ஒரு விரல் அகலக் கிழிசல் நிற்கும். போன மாதம் மகள் அதைத் தடவிப் பார்த்து, "இதில என்ன எழுதியிருந்தது அம்மா?" என்று கேட்டாள்.

திங்கட்கிழமை அதிபரைப் பார்க்கப் போகிறேன். அந்தத் தொகுப்பில் ஒரு பிரதி வாங்கி வைத்திருக்கிறேன். என்னோடு வாதாட வருகிறவர்கள் ஞாயிறு வரைக்கும் அதை வாங்கிக்கொண்டு போகலாம்.