பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிவிடுகிறேன் சிஸ்டர்

"குளிக்கலாமா அக்கா?"

டெல்டாவின் கடலோரத்தில் ஒரு தாலுகா அரசு ஆஸ்பத்திரியில் இரவுப் பணியில் இருந்தபோது ஒரு பெண் என்னிடம் கேட்டது இது. வருடங்கள் ஆகிவிட்டன. ஐப்பசி மழை. அம்மாவின் ஈரச் சேலைத் தலைப்பைப் பிடித்தபடி கேசுவால்டி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு நடந்த பாலியல் வன்கொடுமையை அம்மாதான் என் காதோடு சொன்னார். அவளுக்கு அப்போது வேண்டியிருந்ததெல்லாம் ஒரு வாளி வெந்நீர். குளித்தால் தடயம் போய்விடும். "கொஞ்சம் பொறுத்துக்கொள் பாப்பா, டாக்டர் பார்த்துவிடட்டும்" என்றேன்.

டாக்டர் பார்க்கவில்லை. கெட்டவர் இல்லை அவர். வேலைக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகாத பையன். போலீஸ் கேஸ்களை எழுதும் ஏ.ஆர். பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பேனாவை மூடுவதும் திறப்பதுமாக இருந்தார். "இப்படி ஒரு கேஸை நான் தனியாகப் பார்த்ததே இல்லை. ஏதாவது விட்டுப்போனால் கோர்ட்டில் என்ன பதில் சொல்வேன்? பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிவிடுகிறேன் சிஸ்டர்."

எழுதிவிட்டார். பெண் போலீஸ் வரும்வரை காத்திருந்து, 108 வண்டியில் ஏறி, போன இடத்தில் நடந்ததையெல்லாம் முதலிலிருந்து திரும்பச் சொல்லி, பரிசோதனை முடிந்தபோது மறுநாள் மதியம் தாண்டிவிட்டது. அதுவரை அவள் குளிக்கவில்லை. அவள் மாற்றிய பாவாடையை ஈரத்தோடு பாலிதீன் பையில் முடிந்து கொடுத்தவர்கள் நாங்கள்தான். ஈரத்துணி பாலிதீனுக்குள் பூசணம் பூத்துத் தடயம் கெட்டுப்போகும், நிழலில் உலர்த்திக் காகித உறையில் வைத்து முத்திரையிட வேண்டும் என்பது அன்றிரவு எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அவளை இப்படி அலையவிடச் சட்டம் சொல்லவில்லை. புகார் தெரிந்த 24 மணி நேரத்துக்குள் அவளை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும், அவள் சம்மதத்தோடு பரிசோதனை நடக்க வேண்டும், அரசு மருத்துவமனையில் உள்ள பதிவுபெற்ற மருத்துவர் செய்யலாம் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 2005-ஆம் ஆண்டுத் திருத்தத்திலேயே வந்துவிட்டது. அதற்குப் பதிலாக வந்த இன்றைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 184-ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. அந்தப் பையனுக்கு அதிகாரம் இருந்தது. பக்கத்தில் நின்று "இப்படிச் செய்யுங்கள்" என்று சொல்ல விஷயம் தெரிந்த ஒருவர் இல்லை, அவ்வளவுதான்.

நெஞ்சுவலி என்று ஒருவர் வந்தால் இ.சி.ஜி.யைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, இதய மருத்துவர் சொல்வதைக் கேட்டுச் சிகிச்சையைத் தொடங்குகிறோம். அதைச் செய்யத் தெரிந்த நாம் இந்தப் பெண்ணை மட்டும் ஏன் மழையில் வண்டி ஏற்றுகிறோம்? அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம் ஒரு மையம் நடத்துகிறது. கிராமப்புற மருத்துவமனையில் இருக்கும் செவிலியருக்கு, இந்தப் பரிசோதனையில் தேர்ந்த செவிலியர் ஒருவர் வீடியோ வழியாக உடனிருந்து வழிகாட்டுகிறார். நம் சட்டத்தில் பரிசோதனை அறிக்கையில் செவிலியர் கையெழுத்துப் போட முடியாது, மருத்துவர்தான் போட வேண்டும். அதனால் அதை அப்படியே பெயர்த்து வைக்க முடியாது. ஆனால் மருத்துவர் மருத்துவரிடம் தொலைவிலிருந்து ஆலோசனை கேட்பதை 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல் ஏற்கிறது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மூன்று ஊரிலும் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மூன்றும் முறை வைத்து இரவும் பகலும் ஒரு தடய மருத்துவரையோ மகப்பேறு மருத்துவரையோ திரைக்கு முன் உட்கார வைத்தால், வேதாரண்யத்துக்கும் முத்துப்பேட்டைக்கும் அவர் ஒரு நிமிடத்தில் வந்துவிடுவார். 2020-இல் உருவான மயிலாடுதுறை மாவட்டத்தில் அரசு மருத்துவக் கல்லூரியே இல்லை. முதல் திரை அங்கே போகட்டும்.

எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். அவசரக் கருத்தடை மாத்திரை எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. இரண்டையும் முதல் ஆஸ்பத்திரியிலேயே கொடுத்துவிடலாம். போலீஸ் புகார் இல்லை என்றாலும் சிகிச்சை அவள் உரிமை. பழைய தவறுகளும் திரைக்கு முன் நடக்காது. பெண் உடலுறவுக்குப் பழகியவளா என்று விரல் விட்டுப் பார்க்கும் இரு விரல் பரிசோதனையை நிறுத்தச் சொல்லி 2022-இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதைச் செய்வது ஒழுங்கீனம் என்று அதே ஆண்டு உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

கேமரா என்றதும் வரும் பயம் நியாயமானது, எனக்கும் இருக்கிறது. அதனால் ஒன்றை உறுதியாகச் சொல்கிறேன்: யாருடைய சொந்தக் கைப்பேசியும் அந்த அறைக்குள் வரக்கூடாது, எதுவும் பதிவாகக்கூடாது. கேமரா பெரும்பாலும் பஞ்சுக்குச்சி, உறை, படிவம் இருக்கிற மேசையைப் பார்த்தால் போதும். மறுமுனையில் யார் இருக்கிறார் என்று அவளுக்கு முகம் காட்டி, பெயர் சொல்லி, சம்மதம் கேட்க வேண்டும். நடுவில் "நிறுத்துங்கள்" என்றால் நிறுத்த வேண்டும். திரை வேண்டாம் என்றால் வேண்டாம், சிகிச்சை தொடரட்டும்.

சிறுமிகள் விஷயத்தில் திரை மட்டும் போதாது. போக்சோ சட்டப்படி பெண் குழந்தையைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும். திரையில் பெண் மருத்துவர் இருக்கிறார் என்று சொல்லி ஆண் மருத்துவர் தொட முடியாது. அங்கே ஆள்தான் வேண்டும். கஜா புயலில் நாள்கணக்கில் கரண்ட்டும் இல்லாமல் டவரும் இல்லாமல் கிடந்தவர்கள் நாம். ஆகவே படிப்படியாக எழுதிய ஒரு தமிழ்த் தாளும் கேசுவால்டி சுவரில் ஒட்டியிருக்கட்டும்.

கொள்முதல் பட்டியல் தயாரிக்கிறவர்களுக்கு ஒன்று. திரை, கேமரா, இணைய இணைப்பு என்று எழுதும்போது அதே தாளில் ஒரு வெந்நீர் ஹீட்டர், தாழ்ப்பாள் சரியாக விழுகிற ஒரு குளியலறை, புது நைட்டி நாலைந்து என்றும் சேர்த்து எழுதுங்கள்.